எச்சிலும் சுவரும்

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கோயில்களில் வழிபாட்டு ஒழுங்கைப் பற்றி நடந்த சண்டைகளில் மிகப் பெரியது எச்சிலைப் பற்றியது. கேட்க வேடிக்கையாக இருக்கலாம். 1704லிருந்து 1744 வரை, நாற்பது வருஷம், புதுச்சேரிக்கும் ரோமாபுரிக்கும் இடையே காகிதங்கள் கப்பலேறிப் போய்வந்துகொண்டிருந்ததற்கு அதுவும் ஒரு முக்கியமான காரணம். சரித்திரப் புத்தகங்களில் இதற்கு 'மலபார் சடங்குகள் விவகாரம்' என்று பெயர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழரையும் தமிழையும் மலபார் என்றே சொன்னார்கள். இது முழுக்க முழுக்க நம் வீட்டு விவகாரம்.

பழைய ஞானஸ்நானச் சடங்கில் குருவானவர் தம் எச்சிலை விரலில் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைப்பார். மாற்கு சுவிசேஷத்தில் இயேசு ஒரு செவிடனைக் குணமாக்கும்போது உமிழ்ந்து தொட்டதன் ஞாபகம் அது. மதுரை மிஷனின் சேசுசபைக் குருக்கள் இதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள். 1606ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தி, மரக்கறி உண்டு, சந்நியாசியாக இருந்து பார்த்த வழி அது. பூணூல், குடுமி, சந்தனம், ஸ்நானம் ஆகியவை சமூக வழக்கங்கள்தாம், மதச் சின்னங்கள் அல்ல என்று அவர் வாதாடினார். 1623ல் போப் 15ஆம் கிரகோரி அதை ஏற்றுக்கொண்டார். அந்த அனுமதியின் நிழலில் வேறு பல விஷயங்களும் வளர்ந்தன. எச்சிலை விட்டது அவற்றில் ஒன்று.

எச்சில் என்பதை லத்தீனில் 'சலிவா' என்று பெயர்த்துவிட்டால் அது உடம்பில் சுரக்கும் ஒரு நீர், அவ்வளவுதான். தமிழில் அது நீர் மட்டுமல்ல. எச்சில் இலை, எச்சில் கை, எச்சில் பாத்திரம் — வாய் பட்டது, வாய் பட்டதைத் தொட்டது, தொட்டதைத் தொட்டது எல்லாம் அதில் அடக்கம். யார் யாருடைய எச்சிலை ஏற்கலாம் என்பதில் ஒரு குடும்பமும் ஒரு ஊரும் முழுசாகக் கோடு கிழித்து வைக்கப்பட்டிருக்கின்றன. தாய் குழந்தையின் மிச்சத்தைச் சாப்பிடலாம். மனைவி புருஷன் எழுந்த இலையில் உட்காரலாம். பண்ணையாள் ஆண்டை வீட்டு மிச்சத்தை வாங்கிக்கொண்டு போகலாம். எதுவும் திரும்பி மேலே ஏறாது. ஒரு குரு குழந்தையின் மூக்கில் எச்சிலைத் தடவும்போது அருவருப்பு எச்சிலின்மேல் மட்டும் அல்ல. அந்த வாய் எந்த வீட்டில் தண்ணீர் குடித்தது என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. அவர் பறையர் வீட்டுக்கும் போய்வருகிறவரானால்?

ஆனால் எச்சிலுக்கு நம் மரபில் ஒரே அர்த்தம்தான் என்றும் சொல்லிவிட முடியாது. வடக்கே காளத்தியில் கண்ணப்பர் வாயில் நீரைச் சுமந்து வந்து சிவலிங்கத்தின்மேல் உமிழ்ந்தார். தின்று பார்த்துப் பதமான இறைச்சியைப் படைத்தார். பழைய பூவைச் செருப்புக் காலால் தள்ளினார். ஆகமப்படி ஒரு முறைகேட்டுப் பட்டியல் போட்டால் கண்ணப்பரிடம் ஒன்றுகூட விடுபட்டிருக்காது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தான் சூடிப் பார்த்த மாலையைப் பெருமாளுக்குக் கொடுத்தாள். இரண்டு கதைகளையும் மெய்யுருகிச் சொல்கிறோம். அதோடு, சேக்கிழார் கதையில் அன்றாட பூஜை சிவகோசரியாருடையதுதான் என்பதையும் கவனிக்க வேண்டும். அவர் தினமும் வந்து இறைச்சியைத் துடைத்து, சுத்தி செய்து, முறைப்படி தொடங்குகிறார். விதிவிலக்கைப் பாடிக் கும்பிட்டுவிட்டு விதியை அப்படியே தொடர்வது நமக்கு நெடுநாள் பழக்கம். சேசுசபையார் வந்து சேர்ந்தது கண்ணப்பரின் ஊருக்கு அல்ல. சிவகோசரியாரின் ஊருக்குத்தான்.

1703 நவம்பரில் ஷார்ல் தோமா மயார் தெ தூர்னோன் என்ற போப்பின் தூதர் சீனா போகும் வழியில் புதுச்சேரியில் இறங்கினார். எட்டு மாதம் தங்கினார். பெரும்பாலும் நோய்ப்படுக்கை. கப்புச்சின் சபையார் கொண்டுவந்த புகார்களைக் கேட்டார், மிஷனிலிருந்த சேசுசபையார் இருவரை விசாரித்தார், 1704 ஜூனில் 16 விதிகள் கொண்ட ஓர் ஆணையைப் பிறப்பித்துவிட்டுச் சீனாவுக்குக் கப்பலேறினார். அங்கேயும் இதே மாதிரி சண்டை. 1710ல் மக்காவ்வில் காவலில் இருந்தபடியே இறந்தார்.

நம் எழுத்தாளர்களுக்குத் தூர்னோன் ஒரு சௌகரியமான வில்லன். உள்நாட்டை எட்டிப் பார்க்காமல், பாஷை தெரியாமல், படுக்கையிலிருந்து ஒரு கலாசாரத்தின்மேல் தீர்ப்பு எழுதிய வெள்ளைக்காரர் என்று அவரைத் தள்ளிவிடுவது சுலபம். நோபிலி பரஸ்பரம் புரிந்துகொள்ளுதலின் நாயகர், தூர்னோன் அதிகாரத்தின் முகம் — இந்த ஜோடியை எத்தனை கட்டுரைகளில் படித்தாயிற்று. அந்த 16 விதிகளைப் படித்துப் பார்த்தால் இந்தச் சித்திரம் நிற்காது. எச்சிலையும் உப்பையும் ஊதுதலையும் விடக்கூடாது என்கிறது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது, சாணச் சாம்பல் பூசக் கூடாது என்கிறது. பெண் பெரியவளானதை ஊர்கூட்டிக் கொண்டாடக் கூடாது என்கிறது. இதிலெல்லாம் வெளியூர்க்காரரின் முரட்டுத்தனம் தெரிகிறது. ஆனால் அதே தாளில், தூரம் என்று சொல்லிப் பெண்களைக் கோயிலிலிருந்தும் பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் விலக்கி வைக்கக் கூடாது என்றும் இருக்கிறது. நோயில் கிடக்கும் பறையரின் வீட்டுக்கே குரு போய்த் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. 'கலாசாரத்தை மதிப்பது' என்ற பேரில் சேசுசபையார் எதையெல்லாம் மதித்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு, புகார் சொன்னவர்களின் இந்தப் பட்டியலைவிட நல்ல சாட்சி இல்லை. சாகக் கிடக்கிறவனை வாசலுக்குத் தூக்கிவரச் சொல்வதும் அந்த மரியாதையில் சேர்த்திதான்.

இன்னொரு விதி கிறிஸ்தவ வாத்தியக்காரர்கள் பிற மதக் கோயில் உற்சவங்களில் வாசிக்கக் கூடாது என்றது. பறை அடிப்பது யாருக்கு ஊழியமோ அவர்களுக்கு இது கூலியில் விழுந்த அடி. அந்தப் பறையை உள்ளே கொண்டுவா என்று எந்த விதியும் சொல்லவில்லை. இந்தப் பறைக்குப் பிறகு வருகிறேன்.

மேல்முறையீடுகள் பல போப்புகளைத் தாண்டி இழுத்துக்கொண்டு போயின. 1744 செப்டம்பரில் 14ஆம் பெனடிக்ட் முடிவான ஆணையை வெளியிட்டார். எச்சில் விஷயத்தில் சில வருஷங்களுக்குச் சலுகை. மற்றபடி தூர்னோன் சொன்னதுதான் பெரும்பாலும் நின்றது. மிஷனரிகள் இதைக் காப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். (அந்தச் சத்தியம் 1940ல்தான் நீங்கியது.) ஆனால் பறையர் வீட்டுக்குப் போகும் விதிதான் உண்மையில் எல்லோரையும் சுட்டது. அதற்குச் சேசுசபையார் ஒரு வழி சொன்னார்கள், போப்பும் சம்மதித்தார்: பறையருக்கென்று தனியாகச் சில குருக்களை நியமித்துவிடுவது. நாற்பது வருஷம் நடந்த வழக்கு இப்படித்தான் தீர்ந்தது. ஒரே சடங்கு, ஒரே லத்தீன், எழுத்துப் பிசகாத ஒழுங்கு, இரண்டு வகைக் குருக்கள். இனி எந்த விரல் யார் மூக்கைத் தொடுகிறது என்ற சந்தேகத்துக்கே இடமில்லை.

அடுத்த வருஷமே, 1745 அக்டோபரில், புதுச்சேரி சம்பாகோயிலில் நடந்த ஒன்றை ஆனந்தரங்கப் பிள்ளை தமது நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கோயிலுக்குள் ஒரு சுவர். ஒரு புறம் பறையர்கள், மறுபுறம் ஜாதிக் கிறிஸ்தவர்களும் சட்டைக்காரரும் வெள்ளைக்காரரும். பறையர்கள் கூட்டமாகப் போய், நாங்களும் உங்கள் சீஷர்கள்தானே என்று கேட்க, சுவரை இடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு, பெரிய துபாஷ் கனகராய முதலியின் குடும்பத்துப் பெண் ஒருத்தி மெல்லிய சல்லாப் புடவையும் நகையும் பரிமளமுமாகப் பூசைக்கு வந்தாள். குரு மூக்கைப் பிடித்துக்கொண்டு அவளைக் கடிந்து பேசினார். ஜாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். பிள்ளைவாள் வைஷ்ணவர், கனகராய முதலிக்குப் போட்டியாளர், ரசித்துத்தான் எழுதியிருப்பார். இருந்தாலும் எனக்கு இந்தக் குறிப்பு முக்கியமாகப் படுகிறது. இங்கே குருவின் கணக்கில் அவசங்கை எது? புடவை. முதலிமாரின் கணக்கில்? பக்கத்தில் உட்காரும் ஆள். பறையரின் கணக்கில்? சுவர். மூன்று பேரும் 'கோயில் மரியாதை' என்ற ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார்கள்.

வடக்கன்குளத்தில் இதைக் கட்டடமாகவே கட்டினார்கள். 1872ல் எழுந்த அந்தக் கோயிலுக்கு இரண்டு நீளச் சிறகுகள். இரண்டும் பீடத்தில் வந்து கூடும், நிஜாரின் இரண்டு கால்கள் மாதிரி. ஒன்றில் பிள்ளைமார், முதலியார் முதலானோர். மற்றதில் நாடார்கள். பீடத்தில் நிற்கும் குரு இரண்டு கூட்டத்தையும் பார்க்கலாம். ஒரு கூட்டம் மற்றதைப் பார்க்க முடியாது. அங்கே நடந்த பூசையில் ரூப்ரிக் விதிகளுக்கு மாறாக ஒரு விரல் அசைந்திருக்காது என்று நம்பலாம். 1910ல் கௌசானல் என்ற குரு தடுப்பை இடித்தார். தங்கள் உரிமை போயிற்று என்று மேல்ஜாதியார் வழக்குப் போட்டார்கள். அது உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அந்த ஊர்க் கட்டடம் ஒன்றுதான் நம் கத்தோலிக்கச் சரித்திரத்தில் பொய் சொல்லாத ஆவணம் என்று சில சமயம் தோன்றுகிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் வந்தது. 1963 டிசம்பரில் வந்த வழிபாட்டுச் சாசனம் மக்களின் பாஷைக்கும் பண்பாட்டுக்கும் கதவைத் திறந்தது. 1969 ஏப்ரலில் இந்திய ஆயர்கள் கேட்ட 12 மாற்றங்களுக்கு ரோம் அனுமதி தந்தது. செருப்பைக் கழற்றுவது, தரையில் சம்மணமிட்டு உட்காருவது, முழந்தாளிடுவதற்குப் பதில் கைகூப்பல், பஞ்சாங்க நமஸ்காரம், மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு, அங்கவஸ்திரம், தட்டு, ஆரத்தி. பெங்களூரில் இதற்கு உயிர் கொடுத்தவர் புதுவை மறைமாவட்டத்து அமலோர்பவதாஸ். 1975ல் கர்தினால் நாக்ஸ் எழுதிய கடிதம் இந்திய நன்றி மன்றாட்டையும் பிற சமய நூல் வாசிப்பையும் நிறுத்தியது. சென்னையில் விக்டர் குழந்தை போன்றவர்கள் இதெல்லாம் சபையை அஞ்ஞானமாக்கும் வேலை என்று பத்திரிகை நடத்திப் போராடினார்கள். அவர்களுடைய கோபத்தில் ஒரு பகுதி நியாயமானது என்றே நினைக்கிறேன். தலைமுறை தலைமுறையாக லத்தீன் பூசைக்கு முழந்தாளிட்ட ஒரு கிழவியின் பக்தியை ஒரு சுற்றறிக்கையால் அந்நியமாக்கிவிட முடியும் என்று நினைத்தது ஸ்தாபனத்தின் அகங்காரம். ஆனால் அஞ்ஞானம், அஞ்ஞானம் என்று கத்தியவர்களும் சரி, இந்தியத் தன்மை என்று உருகியவர்களும் சரி, ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. எந்த இந்தியா? ஆரத்தியும் அங்கவஸ்திரமும் ஸமஸ்கிருத ஸ்லோகமும் யார் வீட்டுப் பழக்கம்? எந்தக் கோயிலின் வாசலில் நிறுத்தப்பட்டுக் கிறிஸ்தவனானானோ, அந்தக் கோயிலின் சாமான்களை இந்தக் கோயிலுக்குள் கொண்டுவந்து வைத்து, இதுதான் உன் பண்பாடு என்று தலித்திடம் சொன்னார்கள். மறுபடியும் நோபிலி.

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பிறகுதான் வந்தார்கள். மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு புராட்டஸ்டண்ட். ஆனாலும் அவரை இங்கே சொல்லியாக வேண்டும். பரட்டை என்று பேர் வைத்துக்கொண்டு, கிராமிய இசையில் வழிபாட்டு முறை அமைத்தார். நற்கருணையை ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுவதாக நினைத்துப் பார்த்தார். எச்சில் பார்க்காமல் ஒன்றாகத் தின்பதுதான் அவருக்குப் பக்தியின் இலக்கணம். பறையும் உள்ளே வந்தது, எல்லா இடத்திலும் அல்ல. எத்தனையோ பங்குகளில் இன்றும் பறை என்றால் சாவு மேளம், கோயிலுக்கு அவமரியாதை. கிட்டார் அவமரியாதையாக இருந்தது பத்துப் பதினைந்து வருஷம்தான். பறையின் தண்டனைக் காலம் நீளம்.

எச்சில் கதையும் ஒருவாறு முடிந்தது. 1969ல் வந்த குழந்தைகள் ஞானஸ்நானச் சடங்கில் எச்சிலே இல்லை. காதையும் வாயையும் தொட்டு ஆசீர்வதிப்பது உண்டு, அதையும் விட்டுவிடலாம். எந்தச் சச்சரவும் இல்லாமல், சுகாதாரத்தோடு போயிற்று. 2020ல் கொள்ளைநோய் வந்தபோது நாக்கில் நன்மை கொடுப்பது நின்று, தீர்த்தத் தொட்டிகள் வற்றி, எச்சில் உலகம் முழுவதற்குமான பயமாயிற்று. எல்லாரும் எல்லாருக்கும் தீண்டத்தகாதவர்களாக இருந்த அந்தச் சில மாதங்கள் எவ்வளவு சீக்கிரம் மறந்துபோயின!

சுவர்க் கதை முடியவில்லை. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர். 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் ஏறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதை ஒட்டிக் கலவரம், போலீஸ் துப்பாக்கிச் சூடு, இரண்டு சாவு. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவையே, சபைக்குள் தீண்டாமை உண்டு என்று தனது கொள்கை அறிக்கையில் எழுதி ஒப்புக்கொண்டது.

நான் இருப்பது ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே. பழைய செங்கல்பட்டு ஜில்லா. 1891ல் ட்ரெமென்ஹீர் என்ற கலெக்டர் பறையர்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதியது இந்த ஜில்லாவைப் பற்றித்தான். பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதிலிருந்து வந்தது. இன்று ஏரிக்கரைகளுக்கு நடுவே கம்பெனிகள். 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவர ஆரம்பித்தது. 2006ல் வந்த நோக்கியா 2014ல் மூடிக்கொண்டு போயிற்று. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் வந்தது. கூடவே தெற்கிலிருந்து வேலைக்கு வந்த கத்தோலிக்கர்கள். ஒரு சின்னக் கோயிலில், பேர் வேண்டாம், பெஞ்சுகள் அவர்கள் நன்கொடையில் வந்தவை. காலனியின் பழைய ஆட்கள் முன்னால் இடதுபுறம் பாயில் உட்காருகிறார்கள். யாரும் அப்படி உட்காரச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

அந்தக் கோயிலின் பெரியவர்கள் சிலர் மேலிடத்துக்கு ஒரு புகார் எழுதினார்கள். எனக்குத் தமிழ் எழுத வரும் என்று என்னிடம் கொண்டுவந்தார்கள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் சேஃப்டி ஷூவோடு நன்மை வாங்குகிறார்கள். சுவிசேஷம் முடிந்தபிறகு உள்ளே வருகிறார்கள். பாட்டுக்குக் கைதட்டல். சமாதானம் சொல்லும்போது இடம் விட்டு இடம் நடமாட்டம். எழுந்தேற்றத்தின்போது செல்போன். மொத்தம் பதினொன்று. 2004ல் ரோம் வெளியிட்ட அறிவுரையில், வழிபாட்டில் முறைகேடு கண்டால் புகார் செய்ய எந்தக் கத்தோலிக்கனுக்கும் உரிமை உண்டு என்று இருப்பதை யாரோ அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். உண்மைதான், இருக்கிறது. பட்டியலில் பொய் எதுவும் இல்லை. சிலவற்றில் எனக்கே சம்மதம் — செல்போன் விஷயத்தில் நான் அவர்களைவிடக் கடுமையானவன். முழுசும் எழுதிக் கொடுத்தேன். கீழே பன்னிரண்டாவதாக ஒன்று சேர்த்தேன்: வழிபாட்டில் தனி ஆட்களுக்கோ வகுப்பாருக்கோ விசேஷ மரியாதை கூடாது என்று 1963 சாசனத்தின் 32ஆம் பிரிவு சொல்கிறது, ஆகவே பெஞ்சும் பாயும் முறைகேடு.

ஒருவர் சிரித்தார். "தம்பி, தரையில உக்கார்றது நம்ம கலாச்சாரம்னு ரோமே ஒத்துக்கிட்டாச்சே!" என்றார். கெட்டிக்காரத்தனமான பதில். 12 மாற்றங்களில் அது இருக்கத்தான் செய்கிறது. அப்படியானால் நீங்களும் பாய்க்கு வாருங்கள் என்றேன். முழங்கால் வலி என்றார். பதினொன்றோடு கடிதம் போயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். திருக்கோட்டியூரில் குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தைக் கோபுரத்தில் ஏறி ஊருக்குச் சொன்னதும் ஒரு முறைகேடுதான். நரகம் என்று தெரிந்தே செய்தது. அவரை இங்கே இழுப்பது உள்ளூர் அபிமானம் என்று நண்பர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

இப்போது ஞாயிறு பூசைக்கு ஜார்க்கண்ட் பையன்கள் வருகிறார்கள். கும்லா, சிம்டேகா பக்கத்துக் கத்தோலிக்கர்கள். 1885ல் லீவன்ஸ் என்ற பெல்ஜியக் குரு போய் இறங்கிய சோட்டாநாக்பூர் மிஷனின் பேரப்பிள்ளைகள். அவர்கள் ஊரில் பூசைக்கு மாந்தர் மத்தளம் அடித்து, கைகோத்து ஆடி வருவார்களாம். அதுதான் அங்கே பயபக்தி. செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, கதவோரம் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். போன மாதம் அவர்களில் ஒருவன், தமிழும் ஹிந்தியும் கலந்து, நாங்க எங்க உக்காரணும் அண்ணே என்று உபதேசியாரிடம் கேட்டான். உபதேசியார் பெஞ்சைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். "நில்லு, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் பூசை மணி அடிக்கப் போனார்.